கழுதைக்குக் கோவில்

(தளவானூரில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சினிமாவைப் பற்றிப் பேசும்படி சொல்லியிருக்கிறீர்கள். உங்களுக்குப் பக்கத்திலுள்ள மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் ஒரு கல்லெழுத்து வெட்டி வைத்திருக்கிறான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமலே கோவில் செய்துவிட்டதாக அதில் பெருமை பேசுகிறான். உங்கள் ஊர்ச் சத்ருமல்லேஸ்வரமும் அவன் காலத்துக் குடைவுதான். உளி பிடித்தவன் பெயரை அந்தக் கல்லெழுத்தில் அவன் சொல்லவில்லை, அது கிடக்கட்டும். நட்சத்திர நடிகர், ஸ்டூடியோ, வட்டிக்குப் பணம் கொடுப்பவர், கொட்டகை முதலாளி ஆகிய நான்கும் இல்லாமல் ஒருவன் படம் எடுக்க முடியுமா என்பதே இன்றைக்கு நான் பேச வந்த சங்கதி.

முடியும் என்று காட்டியவர் தோழர் ஜான் ஆபிரகாம். அதே பெயரில் பம்பாயில் இன்று ஒரு நடிகர் இருக்கிறார், அவர் வேறு. நான் சொல்லுகிறவர் 1937-ல் மலையாள தேசத்தில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். ஆயுள் இன்சூரன்ஸ் கார்ப்பரேஷனில் உத்தியோகம் கிடைத்தது. மாதச் சம்பளம், பிறகு பென்ஷன் என்றால் நம் வீடுகளில் தேங்காய் உடைப்பார்கள்! அவரோ அதை விட்டுவிட்டுப் பூனா சினிமாப் பள்ளிக்குப் போனார். அங்கே வங்காளத்து ரித்விக் கட்டக்கிடம் பாடம் கேட்டார். 1972-ல் முதல் படம் எடுத்தார். அது ஒன்றும் பணம் கொட்டவில்லை.

இரண்டாவது படம் நம் தமிழில் வந்தது. 1977-ல் வந்த அந்தப் படத்தின் பெயர் "அக்ரகாரத்தில் கழுதை." வெங்கட் சாமிநாதன் எழுத, சங்கீதக்காரர் எம்.பி.சீனிவாசன் புரொபசராக நடித்தார். கதையைச் சொல்லுகிறேன், கேளுங்கள்.

தாய்க் கழுதையைக் கூட்டம் அடித்துக் கொன்றுவிடுகிறது. அநாதையான குட்டியைப் புரொபசர் எடுத்து வளர்க்கிறார். காலேஜில் எல்லாரும் சிரிக்கிறார்கள். சொந்த ஊர் அக்கிரகாரத்திற்குக் கொண்டுபோய் ஒரு ஊமைப் பெண்ணிடம் ஒப்படைக்கிறார். அந்தப் பெண்ணை ஒருவன் கெடுத்துவிடுகிறான். குழந்தை செத்துப் பிறக்கிறது. அந்தப் பிணம் கோவிலருகே கிடக்கிறது. பழி யார்மேல் விழுகிறது? கெடுத்தவன்மேல் அல்ல, கழுதைமேல்! கழுதை வந்ததால்தான் ஊர் தீட்டாயிற்றாம். அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். அதன் பிறகுதான் வேடிக்கை. செத்த கழுதையால் அற்புதங்கள் நடக்கின்றன என்கிறார்கள். கழுதைக்குக் கோவில் கட்டத் தீர்மானம் செய்கிறார்கள். முடிவில் அந்த ஊரே தீப்பற்றி எரிகிறது.

தோழர்களே! முதல் நாள் சனியன், மறுநாள் சாமி. இடையில் மாறியது கழுதையா? இதைப் பார்த்து அக்கிரகாரத்தை மட்டும் நினைத்துச் சிரித்துவிட்டு எழுந்து போகாதீர்கள். மதுரை வீரனை மாறுகால் மாறுகை வாங்கிய கதை உங்களுக்குத் தெரியும். வாங்கியவர்களின் ஊரிலேயே அவனுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். உயிரோடு இருக்கும்போது ஒரு வாய் சோறு போடாதவர்கள், செத்தபின் படையல் போடுகிறார்கள். நம் தெருவிலும் இது நடக்கிறதா இல்லையா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இந்தப் படத்திற்குச் சர்க்கார் தேசிய விருது கொடுத்தது. அதே சர்க்காரின் தொலைக்காட்சி 1989-ல் இதைக் காட்டுவதாகச் சொல்லிக் கடைசி நேரத்தில் நிறுத்திக்கொண்டது. பரிசு கொடுத்த கையும் திரையை மூடிய கையும் ஒரே உடம்பினுடையவைதான்.

முதலாளி பணம் போட்டால் முதலாளி சொல்லுகிறபடிதான் ஆடவேண்டும். ஆகவே ஜானும் நண்பர்களும் 1984-ல் ஒடேஸா என்று ஒரு கூட்டம் சேர்த்தார்கள். ஊர் ஊராகப் போனார்கள். சாப்ளின் படம் போட்டுக் காட்டினார்கள், தெருநாடகம் ஆடினார்கள், துண்டை ஏந்திக் காசு கேட்டார்கள். கூலிக்காரர் போட்ட சில்லறையும் அதில் உண்டு. அந்தப் பணத்தில் 1986-ல் "அம்ம அறியான்" வந்தது. செத்துப்போன ஒரு வாலிபனின் செய்தியை அவன் தாய்க்குச் சொல்ல, வயநாட்டிலிருந்து கொச்சிவரை நண்பர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்து போகிற கதை. காசு போட்டவர்கள் ஊரிலேயே அந்தப் படத்தையும் கொண்டுபோய்க் காட்டினார்கள்.

"அவர் பெருங்குடிகாரராமே?" என்று சிலர் கேட்பீர்கள். ஆம். அதை நான் மூடி மறைக்கவில்லை, பின்பற்றும்படியும் சொல்லவில்லை. 1987 மே 31-ந் தேதி, கோழிக்கோட்டில் ஒரு மாடியிலிருந்து விழுந்ததால் ஐம்பது வயது நிறையுமுன் செத்தார். எடுத்தவை நான்கே முழுப் படங்கள். இன்று அவர் பெயரால் விருது இருக்கிறது. அவரைப் பற்றிய கதைகளோ ஆயிரம் இருக்கின்றன. குடித்ததைக்கூட மகிமையாக்கிப் பேசுகிறார்கள். கழுதைப் படம் எடுத்தவருக்கே கழுதைக்கு நடந்தது நடக்கிறது!

ஆகையால் அவருக்குப் படம் மாட்டி மாலை போடவேண்டாம். அடுத்த மாதக் கூட்டத்திற்குப் பிரசங்கியை அழைக்கிற செலவில் ஒரு வெள்ளைத் துணி கட்டி, இந்தக் கழுதைப் படத்தைப் போடுங்கள். துண்டை ஏந்துங்கள், முதல் காசு என்னுடையது. எதிர்க்கிறவர்களையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்காரவையுங்கள்.