கட்டை விரலைத் தூக்கினா 'சூப்பர்'னு அர்த்தம் இல்லைங்க

இந்த எபிசோடுல கொஞ்சம் கடலுக்கு அடியில போயிட்டு வருவோம். பயப்படாதீங்க, ஹெட்போன் நனையாது.

நான் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசர். பையர் மெயில், லேப் டிப், ஷேட் அப்ரூவல், ஷிப்மெண்ட் தேதி, இதுதான் என் வாழ்க்கை. எங்க ஊர்ல 'முடியாதுங்க'ன்னு யாரும் அவ்வளவு சீக்கிரம் சொல்ல மாட்டாங்க. 'பாத்துக்கலாங்க'ம்பாங்க. அந்த வார்த்தையால கடலுக்குள்ள என்ன ஆச்சுங்கறதுதான் இன்னைக்குக் கதை.

பொங்கல் லீவுல நானும் வீட்டுக்காரரும் அந்தமான் போனோம். ஹேவ்லாக் தீவு, 2018-க்கு அப்புறம் அதுக்குப் பேர் ஸ்வராஜ் தீவு. அங்கே ஓபன் வாட்டர் டைவர் கோர்ஸ் சேர்ந்தோம். 200 மீட்டர் நீந்தணும், 10 நிமிஷம் மிதக்கணும். ஊத்துக்குளி பக்கம் பெரியப்பா தோட்டத்துக் கிணத்துல சுரைக்குடுக்கை கட்டிக் கத்துக்கிட்ட நீச்சல் எனக்கு அங்கேதான் கை கொடுத்துச்சு.

கோர்ஸ்ல முதல் பாடம்: மூச்சை அடக்கவே கூடாது. 10 மீட்டர் ஆழத்துல அழுத்தம் மேல இருக்கறதைவிட ரெண்டு மடங்கு. அங்கே இழுத்த காத்தை அடக்கிட்டு மேல வந்தா, அது நுரையீரலுக்குள்ள ரெண்டு மடங்கா விரியப் பார்க்கும். நுரையீரல் தாங்காது. அதனால இழுத்து விட்டுட்டே இருக்கணும், மெதுவா ஏறணும்.

ரெண்டாவது பாடம் கை ஜாடை. வாட்ஸ்அப்ல கட்டை விரல் 'சூப்பர்'. தண்ணிக்குள்ள அதுக்கு அர்த்தம், 'டைவ் முடிஞ்சுது, மேல போலாம்'. யார் வேணும்னாலும், எப்ப வேணும்னாலும் காட்டலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. பார்த்தவங்க கேள்வி கேட்காம கூட வரணும்.

நாலு நாள்ல கார்டு கிடைச்சுது. 18 மீட்டர் வரைக்கும் போகலாம். அடுத்த நாள் காலையில, சர்டிஃபைடு டைவரா முதல் டைவ். எங்களுக்கு அப்ப இருந்த கெத்து இருக்கே!

அஞ்சு மீட்டர்ல அவர் பின்தங்கினார். மூக்கைப் பிடிச்சு ஊதிட்டே இருந்தார். 'ஓகேவா?'ன்னு ஜாடை கேட்டேன். 'ஓகே'ன்னார். எட்டு மீட்டர்ல மறுபடியும் கேட்டேன். மறுபடியும் 'ஓகே'. ஆனா நெத்தி சுருங்கியிருந்துச்சு. ஷிப்மெண்ட் லேட்டாகும்னு தெரிஞ்சும் 'பாத்துக்கலாங்க'ன்னு சொல்ற முகம். அதை நான் தினமும் பார்க்கறேன்.

நான் கட்டை விரலைத் தூக்கினேன்.

கைடு உடனே புரிஞ்சுக்கிட்டார். மெதுவா மேல கூட்டிட்டு வந்தார். அவருக்கு சரியான கோபம். "எனக்கு ஒண்ணுமில்லைன்னு சொன்னேன்ல? அஞ்சு நிமிஷத்துல இவ்வளவு காசு போச்சு!" சொல்லிட்டே மாஸ்க்கைக் கழட்டினார். உள்ளே ரத்தம்.

அப்புறம்தான் உண்மை வந்துச்சு. முந்தின ராத்திரியே ஜலதோஷம். டைவ் கேன்சலாயிரும்னு என்கிட்ட சொல்லாம ஒரு மாத்திரையைப் போட்டுட்டு வந்திருக்கார்.

ஏன் இது ஆபத்து? இறங்க இறங்க நடுக்காதுல இருக்கற காத்து சுருங்கும். மூக்குப் பக்கமிருந்து ஒரு சின்னக் குழாய் வழியா அங்கே புதுக் காத்து போகணும். சளி அடைச்சா போகாது. செவிப்பறை உள்பக்கமா இழுபடும், வலியைப் பொறுத்துட்டு இறங்கினா கிழியவும் கிழியும். மாத்திரை கொஞ்ச நேரம் வழி விடும். ஆழத்துல இருக்கறப்போ அதோட வேகம் குறைஞ்சா, ஏறும்போது காத்து வெளியே வர வழியில்லாம மாட்டிக்கும். டாக்டர் பார்த்துட்டு, "பறை கிழியல. இந்த ட்ரிப்புல இனி டைவ் வேண்டாம்"னு சொல்லிட்டார்.

மறுநாள் நான் மட்டும் கைடோட போனேன். 15 மீட்டர்ல என் சிவப்பு ஹேர் பேண்டைப் பார்த்தா அழுக்கு பிரவுன்! தண்ணி முதல்ல சிவப்பைத்தான் தின்னுருமாம். டார்ச் அடிச்சதும் பழைய சிவப்பு திரும்ப வந்துச்சு. ஷேட் அப்ரூவல் போடறவளுக்கு இதைவிட வேறென்ன வேணும்? ஆனா அதைக் காட்டப் பக்கத்துல அவர் இல்லை.

தூத்துக்குடியில முத்துக் குளிச்சவங்க சிலிண்டர் இல்லாம, கல்லோட கனத்துல, ஒரே மூச்சுல இறங்கினாங்க. படகுல ஒருத்தர் கயித்தைப் பிடிச்சிருப்பார். கீழே இருந்து இழுத்தா உடனே மேல தூக்கிரணும். அங்கேயும் கேள்வி கிடையாது.

நீங்க டைவ் போறதா இருந்தா மூணே விஷயம். ஜலதோஷம்னா இறங்காதீங்க. பல டைவ் பண்ணியிருந்தா, ஃபிளைட்டுக்கு முன்னாடி குறைஞ்சது 18 மணி நேரம் விடுங்க. முக்கியமா, கூட வர்றவங்ககிட்ட எதையும் மறைக்காதீங்க.

இப்ப எங்க வீட்ல ஒரு பழக்கம். ராத்திரி பத்து மணிக்கு நான் லேப்டாப்பும் கையுமா இருந்தா, அவர் வாசல்ல நின்னு கட்டை விரலைத் தூக்குவார். காரணம் கேட்கக் கூடாது. மூடிட்டு எந்திரிச்சிருவேன்.

சில நாள், "அஞ்சு நிமிஷங்க, பாத்துக்கலாங்க"ம்பேன். அப்ப அவர் ஒண்ணும் பேசாம மூக்கைத் தொட்டுக் காட்டுவார்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம் மக்களே.