விழுந்த இடத்தை முதலில் சொல்லுங்கள்

(மாவட்ட மாதர் குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்கு நாங்கள் சம்பளப் பேச்சுவார்த்தையைப் பற்றிப் பேசப் போவதில்லை. அதைப் பேசாத கூட்டம் எங்களுக்குக் கிடையாது. இன்றைக்குப் பேச வந்தது வேறு: மலையில் ஒருவருக்கு அடிபட்டால் அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது?

எங்கள் சங்கத்து அக்கா ஒருவரின் கதையைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம், தோட்டமும் வேண்டாம், விசாரணை இன்னும் முடியவில்லை. போன மழைக்காலத்தில் காலைக் கொழுந்தை நிறுக்க மடுவத்துக்கு இறங்கும்போது கான் ஓரத்தில் வழுக்கி விழுந்தார். முதுகில் நிறைகொழுந்து. கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. இரண்டு பேர் தாங்கிப் பிடித்து டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு வலி மாத்திரை கொடுத்து, கொப்பியில் "கால் வலி" என்று எழுதினார்கள். தோட்டத்து லொறி கொழுந்து ஏற்றப் போயிருந்தது. கணவர் த்ரீவீலர் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். 1990க்கு அடித்திருந்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வந்திருக்கும். பதற்றத்தில் அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் எப்படி நடந்தது என்று கேட்டார்கள். "வழுக்கி விழுந்திட்டா" என்றார் கணவர். பொய்யில்லை. ஆனால் எங்கே விழுந்தார், என்ன வேலையில் விழுந்தார் என்று அவரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. பேச்சு சிங்களத்தில் நடந்தது, அவருக்கு அது திக்கித் திக்கித்தான் வரும். டிக்கட்டில் "விழுந்து அடிபட்டது" என்று மட்டும் ஏறியது. அந்த ஒரு வரி பின்னால் எங்களை என்ன பாடு படுத்தியது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பேச்சே.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டில், ஒபரேஷன், டொக்டர், சாப்பாடு எதற்கும் காசு கேட்கவில்லை. கையில் ஒரு காப்புறுதியும் இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எங்களுக்குத் தெரியும். அதைக் காப்பாற்றவும் நாங்கள் குரல் கொடுக்க வேண்டும். அரசாங்க உத்தியோகத்தருக்கு அக்ரஹார காப்புறுதி இருக்கிறது. எங்களுக்கு ஆஸ்பத்திரி வாசல்தான் இருக்கிறது.

ஆனால் இலவசம் அந்த வாசலோடு நின்றுவிடுகிறது. ஸ்கேன் மெஷின் பழுது, வெளியில் எடுத்து வாருங்கள் என்று ஒரு துண்டு. இல்லாத மருந்துக்கு இன்னொரு துண்டு. துணைக்கு நின்ற மகளுக்குச் சாப்பாடு, பஸ் காசு. டிக்கட் வெட்டி வீட்டுக்கு வந்த பிறகு கிளினிக்குக்கு ஒவ்வொரு தடவையும் த்ரீவீலர். கட்டுப்போட்ட காலோடு லயத்துப் படி இறங்கி பஸ்ஸில் எப்படிப் போவது? இதற்கெல்லாம் மேலே, பேர் இல்லை. 2024 செப்டெம்பரில் வந்த 1350 ரூபா அடிப்படைச் சம்பளத்தை வைத்தே பாருங்கள், இரண்டு மாதத்தில் 50 பேர் போனால் 67,500 ரூபா. துணைக்கு நின்ற மகள் இழந்த பேர் அதில் சேரவில்லை.

அக்கா முதலில் தோட்டை அடகு வைத்தார். பிறகு குழுக் கடன். குழுக் கடன் எப்படி என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. கிழமைக் கட்டுக்காசு தவறினால் கடன்காரன் மட்டுமா வருகிறான், பக்கத்து லயத்துச் சிநேகிதியும் வந்து வாசலில் நிற்கிறாள். தோடு ஏலத்தில் போய்விட்டது.

நான்காவது மாதத்தில்தான் அவர் எங்களிடம் வந்தார். நாங்கள் நிர்வாகத்துக்கு எழுதினோம். பதில் வந்தது: வேலைத்தளத்தில் விபத்து நடந்ததாகப் பதிவில்லை, டிஸ்பென்சரிக் கொப்பியில் கால் வலி என்றே இருக்கிறது, ஆஸ்பத்திரிப் பதிவிலும் வேலை என்ற சொல் இல்லை, ஆகவே வீட்டில் விழுந்திருக்கலாம். அப்படியிருந்தும் மனிதாபிமானத்தில் ஒரு சிறு தொகை தருவதாகச் சொல்லி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று ஒரு கடுதாசியில் கையெழுத்துக் கேட்டார்கள். கடுதாசி ஆங்கிலத்தில். அவர் கையெழுத்து வைக்காமல் எடுத்துக்கொண்டு வந்தது எங்களுக்கு இன்றைக்கும் பெருமை. வீட்டில் அடுப்பெரியாத நேரம் அது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கம். எங்கள் பாட்டன் பூட்டன் காலத்துச் சட்டம். வேலையின்போது, வேலையின் காரணமாக அடிபட்டால் நட்டஈடு கொடுப்பது தொழில்தருநரின் பொறுப்பு என்கிறது அது. தோட்டத்தில் தவறு நடந்தது என்று நாங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. கான் வழுக்கினாலும், மரம் விழுந்தாலும், கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டினாலும் அப்படித்தான். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற வழியும் திரும்பி வருகிற வழியும் சேர்ந்தன. உச்சத் தொகையும் 5 இலட்சத்து 50 ஆயிரத்திலிருந்து 20 இலட்சம் ரூபாவுக்கு உயர்ந்தது.

உடனே 20 இலட்சம் கிடைக்கும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சம்பளத்தையும், உழைக்கும் சக்தி எவ்வளவு போனது என்பதையும் வைத்துத்தான் கணக்கு. மருந்துக்கடை பில்லை ஒவ்வொன்றாகக் கட்டித் தருகிற சட்டமும் இதுவல்ல. ஆனாலும் வேலைக்குப் போக முடியாத காலத்துக்கும், மாறாத ஊனத்துக்கும் இதில் வழியிருக்கிறது. அந்தக் காசு வந்திருந்தால் அக்காவின் தோடு காதிலேயே இருந்திருக்கும்.

ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம், ஆண்கள் கோபிக்க வேண்டாம். குடித்திருந்ததால் அடிபட்டது என்று வந்தால் நிர்வாகத்துக்கு அதுவே தப்பிக்க வழி. அப்படி ஒரு வழக்கை நாங்கள் இழந்திருக்கிறோம்.

கைக்காசுக்குப் போகிறவர்கள் தங்களுக்கு ஒன்றும் இல்லை என்று நினைக்கிறார்கள். தோட்டத்து வேலையைத்தானே செய்கிறீர்கள்? செக்ரோலில் பேர் இல்லை என்பதால் உரிமை இல்லாமல் போகாது, அத்தாட்சி காட்டுவதுதான் கஷ்டம். அதைவிடப் பயமாக இருப்பது தேயிலைச் செடிகளைப் பிரித்துக் கொடுத்து, கொழுந்துக்கு மட்டும் காசு தருகிற வெளியார் முறை. நாளைக்கு அந்த மலையில் கால் முறிந்தால் "நீ தொழிலாளி இல்லை, உன் மலையை நீ பார்க்கிறாய்" என்று சொல்ல இப்போதே வழி போடுகிறார்கள் என்று நாங்கள் சந்தேகப்படுகிறோம். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முன்னர் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். கிலோவுக்கு எவ்வளவு என்பது அதற்குப் பிறகு.

வேறு எங்கே உதவி கிடைக்கும் என்று பல பேர் கேட்டீர்கள். உங்கள் பேரில் தொழில்தருநர் மாதம் 3 சதவீதம் கட்டுகிற ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தில், ஓய்வுபெறும்போது எடுக்கிற காசைத் தவிர, நிரந்தரமாக வேலை செய்ய முடியாமல் போனவருக்கும் இருதய ஒபரேஷன், கண் வில்லை போன்றவற்றுக்கும் உதவித் திட்டங்கள் உண்டு. ஊழியர் சேமலாப நிதியத்தில் பத்து வருடத்துக்கு மேல் இருந்து, மூன்று இலட்சத்துக்குக் குறையாத மீதியும் இருந்தால் வைத்தியச் செலவுக்கு 30 சதவீதம் வரை எடுக்கலாம். அது உங்கள் கிழட்டு வயதுக் காசு, கடைசியாகத் தொடுங்கள். பெரிய சத்திரசிகிச்சை என்றால் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2025இலிருந்து அதைப் பிரதேச செயலகத்திலேயே கொடுக்க முடிகிறது, கொழும்புக்கு அலையத் தேவையில்லை.

ஆனால் வேலையில் பட்ட அடிக்கு முதலில் போக வேண்டிய இடம் நட்டஈட்டு ஆணையாளர்தான். அங்கே பேசுவது அன்றைக்கு எழுதிய எழுத்து. அடிபட்டவருக்கு வலியில் ஒன்றும் தெரியாது. ஆகவே பக்கத்தில் நின்றவர் இதைச் செய்யுங்கள். கங்காணியிடமும் கணக்கப்பிள்ளையிடமும் உடனே சொல்லுங்கள். டிஸ்பென்சரிக் கொப்பியில் எந்த மலை, என்ன வேலை, எத்தனை மணி என்று எழுதச் சொல்லி, எழுதும்வரை நில்லுங்கள். ஆஸ்பத்திரியில் "வேலை செய்யும்போது விழுந்தார்" என்று முதல் வாயிலேயே சொல்லுங்கள். சிங்களம் வராவிட்டால் துண்டில் எழுதி நீட்டுங்கள். டிக்கட் வெட்டும்போது கொடுக்கிற காட், கிளினிக் கொப்பி, மருந்துத் துண்டு, ஸ்கேன் பில், ஒன்றையும் அடுப்பில் போடாதீர்கள். பிள்ளைகளின் போனில் படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். வாசிக்கத் தெரியாத கடுதாசியில் கையெழுத்து வேண்டாம். நிர்வாகத்தோடு சமாதானமாகப் போவதானாலும் அது ஆணையாளர் முன் பதிவாக வேண்டும்.

அக்காவின் விஷயத்தில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பிடிமானம். அன்றைக்குக் காலைக் கொழுந்து அவர் பேரில் நிறுக்கப்படவில்லை. வேலைக்கு வந்ததற்குச் செக்ரோல் இருக்கிறது, மடுவத்துக் கணக்கில் மட்டும் அவர் பேருக்கு நேரே ஒன்றும் இல்லை. மலைக்கும் மடுவத்துக்கும் நடுவில் அவர் எங்கே போனார் என்று நிர்வாகம்தான் சொல்ல வேண்டும். தாங்கிப் பிடித்த இரண்டு சகோதரிகளும் அடுத்த மாத விசாரணைக்குச் சாட்சி சொல்ல வருகிறார்கள். அவர்களுக்கு அன்றைக்குப் போகிற பேருக்கும் பஸ்ஸுக்கும் மாவட்டக் குழுப் பணத்திலிருந்து கொடுப்பதாக இந்தக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டு வந்திருக்கிறோம். கை உயர்த்துங்கள், எண்ணிக்கொள்கிறோம்.