வக்கீல் பீஸ் பாக்கி: யார் தருவது?

இன்றைய பேச்சு ஒரு கடனைப் பற்றியது. வழக்கு நடத்தியவர் இறந்துவிட்டார். வக்கீலுக்குப் பீஸ் பாக்கி இருக்கிறது. அதை யார் தருவது? எதிலிருந்து தருவது?

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

ஒரு கிராமத்தில் ஒரு விவசாயி. இரண்டு ஏக்கர் நிலத்துக்காக வழக்குப் போட்டார். ஆறு வருடம் கோர்ட்டுக்கு அலைந்தார். வழக்கு முடியவில்லை. அவர் காலம் முடிந்துவிட்டது.

காரியம் முடிந்ததும் அவர் மனைவி வக்கீலைப் பார்க்கப் போனார்.

"அம்மா, உங்கள் வீட்டுக்காரர் 40,000 ரூபாய் பாக்கி. அதைக் கட்டினால்தான் கேஸ் கட்டைத் தருவேன்" என்றார் வக்கீல்.

அந்த அம்மாள் கலங்கிப் போனார். கணவர் விட்டுச் சென்றது வங்கியில் 25,000 ரூபாய். மீதிக்கு எங்கே போவது? தாய்வீட்டில் போட்ட சங்கிலியை அடகு வைக்கலாமா என்று நினைத்தார்.

நல்லவேளை, அவர் அவசரப்படவில்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனார். அது கோர்ட் வளாகத்திலேயே இருந்தது. பெண்களுக்கு அங்கே சட்ட உதவி இலவசம். வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த உரிமையைத் தருகிறது.

அங்கே இருந்த வக்கீல் அம்மா பொறுமையாக விளக்கினார்.

"பீஸ் கேட்பது தவறில்லை. உழைப்புக்குக் கூலி உண்டு. பீஸ் பாக்கிக்காக வக்கீல் வழக்கும் போடலாம். 1926-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஆனால், இறந்தவரின் கடனை அவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்துதான் வாங்க முடியும். வாரிசின் சொந்தப் பணத்தைத் தொட முடியாது. உங்கள் சங்கிலி உங்களுடையது. உங்கள் மகன் சம்பாதிப்பது அவனுடையது. நாளை அந்த நிலம் தீர்ப்பில் கிடைத்தால், அது உங்கள் கணவர் சொத்து. அதிலிருந்து பாக்கியைக் கேட்கலாம்."

"கேஸ் கட்டு?" என்று கேட்டார் அம்மாள்.

"பீஸ் பாக்கிக்காகக் கேஸ் கட்டைப் பிடித்து வைக்கக் கூடாது. 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. தர மறுத்தால் மாநில பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். இன்னொன்று. வழக்குப் போட்டவர் இறந்தால், 90 நாளுக்குள் வாரிசுகளை வழக்கில் சேர்க்க மனுப் போட வேண்டும். இல்லாவிட்டால் வழக்கு அற்றுப்போகும். பணத்தைப் பிறகு பேசலாம். நாள் போனால் சிக்கல். முதலில் பீஸ் கணக்கை எழுத்தில் கேளுங்கள்."

அம்மாள் வீட்டுக்கு வந்தார். டிரங்குப் பெட்டியைத் திறந்தார். கணவர் வைத்திருந்த ரசீதுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். எழுத்துக்கூட்டிப் படித்தார். தேதியையும் தொகையையும் நோட்டில் எழுதினார். மொத்தம் 18,000 ரூபாய்!

வக்கீல் எழுதித் தந்த கணக்கில் அந்த 18,000 வரவு வைக்கப்படவில்லை. ரசீதுகளைக் காட்டினார். வக்கீலும் பார்த்துத் திருத்திக்கொண்டார். பாக்கி 22,000 ஆனது. மகனும் மகளும் சம்மதித்தார்கள். வங்கிப் பணத்திலிருந்து அதைக் கொடுத்து ரசீது வாங்கினார். கேஸ் கட்டும் கைக்கு வந்தது. 90 நாளுக்குள் மனுவும் போட்டாகிவிட்டது. சங்கிலி கழுத்திலேயே இருந்தது.

தாய்மார்களே! பெரியோர்களே! இதிலிருந்து தெரிவது என்ன?

வக்கீல் வைக்கும்போதே பீஸ் எவ்வளவு என்று எழுதி வாங்க வேண்டும். கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்க வேண்டும். ரசீது இருக்கும் இடம் வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். ஜெயித்த சொத்தில் பங்கு தருவதாக வக்கீலிடம் பேசக் கூடாது. அப்படிப் பேசுவதை பார் கவுன்சில் விதி தடுக்கிறது.

சந்தேகம் வந்தால் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். சட்ட உதவிக்கான எண் அது.

நியாயமான கடனைத் தீர்ப்பது நல்ல பழக்கம். கணக்குக் கேட்டுத் தீர்ப்பது அதைவிட நல்ல பழக்கம்.