முதலாளி இல்லாத வலைக்குக் காவல் யார்?



சமூக வலைத்தளம் என்றதும் ஒரு நிறுவனம், ஒரு முதலாளி, அவர் இட்ட சட்டம் என்றே பலருக்கும் தோன்றும். அப்படி இல்லாத ஒன்றும் உண்டு. அதன் பெயர் மாஸ்டடான். ஜெர்மனியில் வாழும் இயூஜென் ரொச்கோ 2016இல் உருவாக்கிய மென்பொருள் அது. யார் வேண்டுமானாலும் அதை இலவசமாக எடுத்து, சொந்தமாக ஒரு தளம் நடத்தலாம். இவ்வாறு ஆயிரக்கணக்கான தளங்கள் தனித்தனியே இயங்குகின்றன. ஆயினும், மின்னஞ்சலைப் போலவே, ஒரு தளத்தில் எழுதியது மற்றத் தளங்களுக்கும் போய்ச் சேர்கிறது. 2022 அக்டோபரில் டுவிட்டர் எலோன் மஸ்க் கைக்கு மாறியபோது பலர் இங்கே குடியேறினார்கள்.

முதலாளி இல்லை என்பது பெருமைதான். ஆனால், கூரை ஒழுகினால் யார் ஏறி அடைப்பது?

ஒரே நிறுவனம் நடத்தும் தளத்தில் பிழை கண்டால், அதன் பொறியாளர்களே திருத்திவிடுவார்கள். இங்கே திருத்தம் எழுதுவது பாதி வேலைதான். ஒவ்வொரு தளத்தின் பொறுப்பாளரும் அதைத் தம் கணினியில் ஏற்றவேண்டும். அவர்களில் பலர் தொண்டூழியர்கள். பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள்.

2023 ஜூலையில் ஒரு பெரிய ஓட்டை அடைக்கப்பட்டது. சூதாகத் தயாரித்த ஓர் ஊடகக் கோப்பை அனுப்பியே, தளத்தின் கணினிக்குள் விஷமக் கோப்புகளை நுழைக்க வழி இருந்தது. மொசில்லா கேட்டுக்கொண்டதன்பேரில் நடந்த பாதுகாப்புச் சோதனையில் அது தெரியவந்தது.

2024 பிப்ரவரி 1ஆம் தேதி இன்னொரு திருத்தம் வந்தது. ஒருவர் வேறு தளத்தில் உள்ளவரைப் போல வேடமிட்டு, அவருடைய கணக்கையே கைப்பற்றக்கூடிய பிழை அது. விவரத்தை உடனே சொன்னால் திருடனுக்கும் வழி காட்டியதாகிவிடும். ஆகவே திருத்தத்தை மட்டும் முதலில் கொடுத்து, விவரங்களை 15ஆம் தேதிவரை வெளியிடாமல் வைத்தார்கள். அந்த இரண்டு வாரம், பொறுப்பாளர்கள் விழித்துக்கொள்வதற்குக் கொடுத்த அவகாசம்.

அதே மாதத்தில், மென்பொருளில் ஓட்டை இல்லாமலேயே ஒரு தொல்லை வந்தது. யாரும் கவனிக்காத சிறு தளங்களில் பதிவு வாசல் திறந்தே கிடந்தது. விஷமிகள் அங்கே தானியங்கி முறையில் கணக்குகளைத் திறந்து, மற்றத் தளங்களில் குப்பைச் செய்திகளைக் கொட்டினார்கள். அடுத்த வீட்டுக்காரர் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனதால் தெருவுக்கே வந்த வினை இது.

சில நாள்களிலேயே அதற்கும் ஒரு வழி கண்டார்கள். ஒரு வாரமாக மட்டுறுத்துநர் யாரும் ஒரு தளத்தின் பக்கம் வரவில்லை என்றால், அதன் திறந்த பதிவு தானாகவே மாறிவிடும். புதிதாகச் சேர விரும்புவோர் ஒப்புதலுக்குக் காத்திருக்கவேண்டும்.

எளிய ஏற்பாடுதான், ஆனால் அதில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. மென்பொருள் கதவைச் சாத்தும்; வந்தவர் நல்லவரா, தீயவரா என்று மனிதர்தான் பார்க்கவேண்டும். அந்த மனிதர் இல்லாத இடத்தில் கதவு திறந்திருக்கக்கூடாது.

அப்படியானால் ஒரு முதலாளியிடமே எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடலாமே என்று சிலர் கேட்கலாம். அங்கே முதலாளி மாறினால் சட்டமும் மாறும். குடியிருப்பவரை யாரும் கேட்பதில்லை. இங்கே ஒரு தளம் பிடிக்காவிட்டால் இன்னொன்றுக்கு மாறிக்கொள்ளலாம். அந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. ஊர் கூடி இழுக்கும் தேர் இது. வடத்தைப் பிடித்தவர் பாதி வழியில் விட்டுவிட்டுப் போனால், தேர் நிற்பதோடு முடியாது. பக்கத்தில் நிற்பவர் மேலும் சாயும். தளம் தொடங்குபவர் இதை எண்ணித் தொடங்கவேண்டும்; அதில் சேருபவரும், காவல் காப்பவர் யார் என்று கேட்டுச் சேரவேண்டும்.