துன்புற்றார் முகம் மலர்தல்
(காரைக்குடியில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கோயில் திருப்பணியும், அன்னசத்திரமும், கல்விச்சாலையும் நம் குலத்துக்குப் புதியன அல்ல. தருமத்தில் நாம் எவர்க்கும் இளைத்தவரல்லேம். ஆயினும், பொருள் நம் கையை விட்டு நீங்கிய பின்னர், அதனைப் பெற்றவர் முகம் மலர்ந்ததா என்று நோக்குவதுண்டா? கோயில் வாயிலில் விரலிழந்து அமர்ந்திருந்த ஒருவர்க்கு எட்ட நின்று காசை எறிந்து சென்றிருக்கிறோம். காசு விழுந்த ஒலியைக் கேட்டோம். அவர் முகத்தைக் கண்டிலோம்.

இக்குறையை நமக்கு உணர்த்தியது வேற்றுச் சமயத்தார் ஒருவர் வரலாறு. நன்மை எங்கிருப்பினும் கொள்ளுதல் அறிவுடைமையாதலின் அதனை எடுத்துரைக்கிறோம்.

1914-ல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்தவர் பால் பிராண்டு என்னும் ஆங்கிலேயர். பெற்றோர் அம்மலைவாழ் மக்களிடையே தொண்டாற்றிய கிறிஸ்தவ ஊழியர். லண்டனில் வைத்தியம் பயின்ற அவர், 1946-ல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயினால் நரம்பு கெட்டு மடங்கிய விரல்களை, நல்ல தசைநாரை இடம் மாற்றி இணைத்து நிமிர்த்தும் சஸ்திர சிகிச்சையை 1948 முதல் செய்தார். வலியுணர்வு அற்றுப்போவதால் சுட்டதும் வெட்டியதும் அறியாமலே விரல்கள் தேய்கின்றன என்பதையும் தெளிவாக்கினார்.

இவற்றினும் நம் நெஞ்சைத் தொட்டது வேறொன்று. ஒரு நாள் இளைஞர் ஒருவரைச் சோதித்து, சிகிச்சை முறையை விளக்கியவாறே அவர் தோள்மீது கை வைத்தார் பிராண்டு. இளைஞர் விம்மி அழலானார். தாம் தவறாக ஏதும் கூறிவிட்டோமோ என்று வைத்தியர் கலங்க, உடனிருந்த தமிழ்ப்பெண் காரணத்தைக் கேட்டுச் சொன்னார்: பல்லாண்டுகளாக அவரை எவரும் தொட்டதில்லை!

தொழுநோயாளரைக் கிறிஸ்துநாதர் கையால் தொட்டருளினார் என்பது அச்சமயத்தார் வேதம். பிணியுற்றார்க்குச் செய்வது இறைவனுக்கே செய்வதாகும் என்பது அவர்தம் உறுதி. ஆதலின் அவர்க்கு அத்தொடுகை வைத்தியத்தின் பகுதி மட்டுமன்று, வழிபாடும் ஆயிற்று. அவர் சிலுவையை வணங்கியவர். நாம் திருநீறு அணிபவர். எனினும், துன்புற்றார் மகிழ்ச்சியில் இறைவன் மகிழ்வான் என்பதில் நமக்கும் அவர்க்கும் வேற்றுமை யாது?

இன்று தொழுநோய் கூட்டு மருந்துகளால் ஆறு திங்களிலோ ஓராண்டிலோ முற்றும் தீர்வது. அரசு மருத்துவமனைகளில் அம்மருந்து இலவசம். நோய் தீர்ந்த பின்னும் தீராதிருப்பது நம் அச்சமே.

நம் சிவகங்கைச் சீமையிலேயே, மானாமதுரையில், கிறிஸ்தவத் தொண்டர் நிறுவிய தயாபுரம் தொழுநோய் மருத்துவமனை உள்ளது. நம் இல்லங்களில் திருமணமும் சாந்தியும் நிகழுங்கால் இத்தகைய இடங்களுக்கு அன்னம் அனுப்புதல் நன்றே. அனுப்புவதோடு நில்லாமல், பிள்ளைகளையும் உடனழைத்துச் சென்று, அவர்களோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்போமாக. கரம் பற்றி நலம் உசாவுவோமாக. அதற்குச் செலவு யாதுமில்லை. அதற்கு ஈடான தருமமும் பிறிதில்லை.