பொதுச் சைக்கிளும் பொறுப்பும்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசுக்கு முன்னே நீண்ட பேச்சு வேண்டாமென்று பிள்ளைகளின் முகமே சொல்கிறது. ஆகையால் சைக்கிளைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

பால் வாளியை ஏற்றிக்கொண்டு மேட்டுக்காட்டில் சைக்கிளைத் தள்ளிப் போனவர்களுக்கு மேட்டின் கஷ்டத்தை நான் சொல்லத் தேவையில்லை. மின்சார சைக்கிள் அந்த மேட்டுக்குத்தான் மருந்து. அதை மோட்டார் சைக்கிள் என்று எண்ணிவிடாதீர்கள். நான் சொல்லும் வகையில், நாம் மிதித்தால்தான் மோட்டாரும் கூடத் தள்ளும். மிதிப்பதை விட்டால் அதுவும் விட்டுவிடும். சோம்பேறிக்கு உதவாது!

ஸ்பெயின் நாட்டுத் தலைநகர் மாட்ரிட் மேடு பள்ளம் நிறைந்த ஊர். அங்கே 2014-இல் 'பிசிமாட்' என்ற பொதுச் சைக்கிள் திட்டம் தொடங்கியபோது அத்தனையும் மின்சார சைக்கிள்களே. ஒரு நிலையத்தில் எடுத்து, போகிற இடத்து நிலையத்தில் பூட்டிவிட வேண்டும். பூட்டிய இடத்திலேயே பேட்டரிக்கு மின்சாரம் ஏறும். முதலில் நடத்தியது தனியார். 2016-இல் மாநகராட்சியின் பஸ் நிறுவனமே அதை வாங்கிக்கொண்டது. எனக்குப் பிடித்த விஷயம் இதுதான். பஸ் ஓட்டுகிறவர்களே சைக்கிளையும் பார்த்துக்கொண்டால், பஸ் நிற்கிற இடத்துக்கும் வீட்டுக்கும் நடுவிலே உள்ள தூரமும் அவர்கள் பொறுப்பாகிவிடுகிறது அல்லவா? 2023-இல் நகரின் 21 வட்டாரங்களுக்கும் அதை விரிவாக்கினார்கள்.

நமக்குப் பக்கத்துச் சிங்கப்பூரின் கதை வேறு. அங்கே 2017-இல் தனியார் நிறுவனங்கள் சாதாரணச் சைக்கிள்களைக் கொண்டுவந்து இறக்கின. நிலையம் கிடையாது, கைப்பேசியால் பூட்டைத் திறக்கலாம், எங்கும் விட்டுப் போகலாம். விட்டுத்தான் போனார்கள், நடைபாதையிலும் புல்தரையிலும் கால்வாயிலும்! 2018 ஜூனில் ஓபைக் நிறுவனம் திடீரென்று கடையை மூடியது. ஆளுக்கு 49 வெள்ளி வரை கட்டிய முன்பணத்துக்காக மக்கள் அலைந்தார்கள். நம்மைப் போன்ற உழைப்பாளி வீட்டில் 49 வெள்ளி சும்மாவா? அதே ஆண்டில், உரிமம் இல்லாமல் இத்தொழிலை நடத்தக் கூடாதென்று சட்டம் வந்தது. 2019 முதல், நிறுத்துமிடத்தில் உள்ள குறியீட்டைக் கைப்பேசியில் பதிந்துவிட்டுத்தான் போக வேண்டும்; பதியாவிட்டால் 5 வெள்ளி.

நம் பிள்ளைகள் நாளைக்கு ஜொகூர் பாருவிலோ கோலாலம்பூரிலோ வேலை பார்ப்பார்கள். எல்லாருக்கும் காரும் மோட்டார் சைக்கிளும் வாங்க முடியுமா? பொதுச் சைக்கிள் நமக்கு வேண்டும். ஆனால் வரும்போது கேளுங்கள்: முன்பணம் யார் கையில் இருக்கும்? பிரேக் பழுதானால் யார் பார்ப்பார்கள்? பதில் சொல்ல ஆள் இல்லையென்றால் காசு கட்டாதீர்கள்.

இன்னொன்று. சிங்கப்பூரில் மின்சார சைக்கிள் ஓட்ட 16 வயது ஆக வேண்டும். 2022 முதல் சாலை விதித் தேர்விலும் தேற வேண்டும். அந்தக் கட்டுப்பாடு நியாயம் என்றே நினைக்கிறேன். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் அப்பாவை இப்போதே நச்சரிக்காதீர்கள், இன்னும் நாலு வருஷம் இருக்கிறது!