பாட்டியின் வெள்ளைத் துண்டு

எனக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் பேசக் காத்திருக்கிறார்கள். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

2015-இல் அமெரிக்காவில் ஒரு விளம்பரப் படம். காருக்குள் மூன்று பாட்டிகள். டீசல் என்றாலே அழுக்கு என்கிறார் ஒருவர். ஓட்டி வந்த பாட்டி இறங்குகிறார். கழுத்திலிருந்த வெள்ளைத் துண்டை எடுத்துப் புகைக்குழாயில் பிடித்துக் காட்டுகிறார். துண்டு பளிச்சென்று இருக்கிறது. வண்டி, ஃபோக்ஸ்வாகன்.

அந்தத் துண்டு பொய் சொல்லவில்லை, ஐயா! கரியை வடிகட்டி பிடித்துக்கொள்ளும். நைட்ரஜன் ஆக்சைடு துணியில் படியாது; அது போய்ச் சேரும் இடம் நம் நுரையீரல்.

புகைச் சோதனைக்கூடத்தில் கார் உருளைமேல் ஓடும். சக்கரம் சுழலும், ஸ்டீயரிங் திரும்பாது. அதை வைத்தே சோதனை நடக்கிறது என்று ஃபோக்ஸ்வாகன் வண்டியின் மென்பொருள் மோப்பம் பிடித்து, யோக்கியமாக மூச்சு விடும். இன்ஸ்பெக்டர் வருகிற அன்று மட்டும் நம் வாத்தியார் கையில் பிரம்பு இருக்காதே, அந்தக் கதைதான். சாலைக்கு வந்தால் நைட்ரஜன் ஆக்சைடைச் சட்ட வரம்பைப்போல 40 மடங்கு வரை கக்கும்.

மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் அளவுக் கருவியை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக ஓட்டினார்கள். குட்டு உடைந்தது. அந்தக் குழுவில் அரவிந்த் திருவேங்கடம் என்றொரு பெயரும் உண்டு. கைதட்டலைக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்!

2015 செப்டம்பர் 18, வெள்ளிக்கிழமை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விஷயத்தை வெளியிட்டது. திங்கள், செவ்வாய், இரண்டே நாளில் பங்கு விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போயிற்று. அந்த இரண்டு நாளில் புகை கூடிவிட்டதா? இல்லையே! வருடக்கணக்காக அதே புகைதான். 2015 மார்ச்சில் பங்கு உச்சத்தில் நின்றபோதும் அதே புகைதான். சந்தை கணக்குப் பார்த்தது புகையை அல்ல, பிடிபட்டதை. இதில் வேடிக்கை, பிடிபடுவதற்குச் சில நாள் முன்புதான் டவ் ஜோன்ஸ் நிலைத்தன்மைக் குறியீடு கார் துறையில் இந்த நிறுவனத்துக்கே முதலிடம் தந்திருந்தது. அதை நம்பிப் பணம் போட்டவர் யாரிடம் போய்க் கேட்பார்?

தலைமை நிர்வாகி மார்ட்டின் வின்டர்கார்ன் ஐந்தாம் நாள் விலகினார். அந்த மென்பொருள் இருந்தது உலகம் முழுக்க 1.1 கோடி வண்டிகளில். அபராதம், இழப்பீடு, வண்டிகளைத் திருப்பி வாங்கிய செலவு எல்லாம் சேர்ந்து 3,000 கோடி யூரோவைத் தாண்டியது.

கலிபோர்னியா பாலைவனத்தில் விக்டர்வில் என்றோர் ஊர். திருப்பி வாங்கிய கார்களை அங்கே நிறுத்தி வைத்திருந்தார்கள். மேலிருந்து எடுத்த படத்தைப் பாருங்கள், களத்தில் நெல் காயப்போட்ட மாதிரி கண்ணுக்கெட்டிய தூரம் வரை கார்கள். ஒன்றுகூடப் புகைவிடவில்லை.